கூடம் கோணல்தான்

தகர டப்பாவோடு அப்பா வந்துவிட்டார். திரையின் இடது ஓரத்திலிருந்து முதுகை வளைத்து, டப்பாவை ஆட்டி ஆட்டி, வெறும் மரத்தரையில் வெள்ளைப் பொடி தூவிக்கொண்டு நடக்கிறார். அவர் வலது ஓரத்தைத் தொடும்வரை கம்ப்யூட்டரில் விளையாட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொட்டதும் விளக்கு எரியும், ஜோடிகள் வருவார்கள், பாட்டு தொடங்கும். மற்ற விளையாட்டுகளில் இந்த இடத்தில் ஒரு வட்டம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் விளையாட்டில் பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட் பியூன் சூசைமாணிக்கம் தரைக்குப் பொடி போடுகிறார். இது என் அப்பா என்று வரைந்த மேகலைக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய போட்டோவைக் காட்டி, மூக்கைக் கொஞ்சம் பெரிதாகப் போடு என்று பக்கத்தில் உட்கார்ந்து திருத்தியது நான். லண்டனிலிருந்து டோரத்தி அம்மாள் யார் இந்த மனிதர், ரொம்ப அழகு என்று எழுதிக் கேட்டதற்கு நிஜாம் 'தரைக்காரர்' என்று பதில் போட்டான். சரியான பதில். காலையில் போன் செய்தார் தரைக்காரர். "உன் ஆட்டம் எத்தனை மணிக்குப் புள்ள தெறக்குது?" நாலு மணிக்குப்பா என்றேன். "பொடி போட்டாச்சா?" எல்லாம் தயாரா என்று கேட்க அவருக்கு வேறு வார்த்தை கிடையாது. கல்யாணம், பரீட்சை, கண் ஆபரேஷன், எதுவானாலும் பொடி போட்டாச்சா. போட்டாச்சுப்பா என்றேன். பொய்.

பொய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், பின்னால் நிற்கிற பன்னிரண்டு பேருக்கும் தெரியாது. சாலிகிராமத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிற எங்கள் பம்பரம் கம்பெனி மொத்தமும் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறது. முதலாளி நிஜாமுதீன், மேகலை, மற்றவர்கள், டீ கொண்டுவந்தவர் கூடப் போகாமல் நிற்கிறார். பக்கத்து லேப்டாப்பில் டோரத்தி அம்மாள் சின்னக் கட்டத்துக்குள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். விளையாட்டைச் செய்யச் சொன்னது அவர்தான். ஸ்விங் நடனத்தின் கதை. நூறு வருஷத்துக்கு முன்னால் நியூயார்க்கில் ஹார்லெம் என்கிற பகுதியில் கறுப்பு மக்கள் உண்டாக்கிய ஆட்டம், அது எப்படி உலகமெல்லாம் போனது என்பது. பிரவுசரில் திறந்தால் போதும், யாரும் ஆடலாம். அம்பு போட்ட இரண்டு கீயும் கால்கள், ஸ்பேஸ் பார் கைதட்டு. மேலிருந்து புள்ளிகள் விழும், கோட்டைத் தொடும்போது தட்ட வேண்டும். பாட்டு மூன்று நிமிடம் பத்து விநாடி. தட்டு நானூற்றுப் பன்னிரண்டு. அந்த நானூற்றுப் பன்னிரண்டையும் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக வைத்தவள் அமலோற்பவமாகிய நான். நான் வைத்ததைத்தான் துரைப்பாக்கத்துச் சோதனைக் கம்பெனியில் பதினோரு பேர் சோதித்துப் பார்த்துவிட்டுப் பழுது என்று எழுதிக் கொடுத்தார்கள். பாட்டின் கடைசி இடத்தை ஒருத்தர்கூடத் தாண்டவில்லையாம். மனிதரால் முடியும் என்று யாராவது ஒருவர் எங்கள் கண்முன்னால் ஒரு தப்பும் இல்லாமல் ஆடிக் காட்டட்டும், இல்லாவிட்டால் மெஷின் தானாக அடுக்கிக் கொடுத்ததைப் போட்டுவிடலாம் என்று டோரத்தி அம்மாள் முடிவு சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு, ஒரே தடவை. அப்பா வலது ஓரத்துக்குப் போய்விட்டார். மணி மூன்று.

இடது. வலது. இடது. தட்டு. முதல் கட்டம் சுலபம், தெருவில் நாலு பேர் சும்மா நின்று கால் மாற்றிக்கொள்கிற கட்டம், இதில் போய் நான் பயப்படக் கூடாது. இடது, வலது, தட்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். துரைப்பாக்கம் ரிப்போர்ட்டைப் படித்ததும் முதலில் இதைத்தான் சொன்னேன். நிஜாம் சிரித்தான். சிரித்துவிட்டு, "ஆனா அக்கா, நெசமாவே கோணலாத்தானே இருக்கு?" என்று திரையைக் காட்டினான். நேர்நேராகப் போட்டிருந்த கோடுகளுக்கு நடுவில் என் புள்ளிகளில் பாதி கோட்டை விட்டு நகர்ந்து நகர்ந்துதான் நின்றன. கோணல்தான். யார் இல்லை என்றது. தகிட தகிட என்று சொல்லிக்கொண்டே போய் நடுவில் இருக்கிற கி-யை மட்டும் விழுங்கிவிட்டால் ஒன்று வரும் பாருங்கள், த…ட, த…ட, ஒரு நெட்டை ஒரு குட்டை, நொண்டி விளையாடுகிற பெண்பிள்ளையின் நடை, அதுதான் ஸ்விங். அந்த நொண்டலில்தான் இடுப்பு அசையும். மெஷினில் க்வாண்டைஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் எல்லாத் தட்டும் பள்ளிக்கூடப் பிரேயரில் கை நீட்டி இடம் பார்த்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி சம தூரத்தில் போய் நின்றுவிடும். பார்க்க லட்சணமாக இருக்கும், கேட்டால் ஒரு கால் எழும்பாது. ஸ்விங் ஆட்டத்துக்கு விழா எடுக்கிறோம் என்று உலகத்தைக் கூப்பிட்டு வைத்துவிட்டு அந்த நடையை நிமிர்த்திக் கொடுத்தால் அது என்ன விழா. இடது இடது வலது. தட்டு. எழுபது போய்விட்டது, எல்லாம் சபாஷ். தமிழில் ஆடுகிறவர்களுக்கு என்ன வார்த்தை வரவேண்டும் என்று கேட்டபோது நான் கொடுத்ததுதான் மூன்றும்: சபாஷ், சுமார், போச்சு. ஒரே ஒரு போச்சு வந்தால் இன்றைக்கு எல்லாம் போச்சு.

என்னைவிட்டால் இந்த வேலைக்கு ஆள் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. பதினெட்டு வருஷம் வைகறை மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசித்திருக்கிறேன். திருச்சி, கரூர், புதுக்கோட்டை, மணப்பாறை, எத்தனை ரிசெப்ஷன், எத்தனை கோயில் திருவிழா. பொம்பளை பேட் வாசிக்குது என்று பந்தியிலிருந்து பாதி இலையில் எழுந்து வந்து பார்த்தவர்கள் உண்டு. பார்க்க வந்தவர்கள் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். இரண்டு குச்சியில் ஒரு டிரம் செட், ஒரு தபேலா, ஒரு தவில், கரண்ட் போனால் மேஜையில் கையாலேயே மிச்சம். பாட்டுக்காரன் சுருதி விட்டால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது, நான் அரை மாத்திரை விட்டால் மேடைக்கு முன்னால் ஆடுகிற தாய்மாமன் அப்படியே நின்று திரும்பிப் பார்ப்பான். ஒருத்தனும் திரும்பிப் பார்த்ததில்லை. பாட்டு முடிகிற இடம் இருக்கிறதே, தடதடவென்று உருட்டிக்கொண்டு வந்து முதல் அடியில், அந்தச் சமத்தில், டிஷ் என்று ஒரு வெட்டு. அதில் விழுந்தால்தான் ஜனத்துக்குப் பாட்டு முடிந்தது. பதினெட்டு வருஷம், ஒரு நாளைக்கு முப்பது பாட்டு, எல்லாவற்றையும் சமத்தில் கொண்டுபோய் முடித்த கை இது. வலது, இடது, தட்டு. இந்தக் கைதான் இன்றைக்கு எனக்குச் சத்துரு.

சொல்லிவிடுகிறேன், மனசுக்குள்தானே. இந்தப் பாட்டு சமத்தில் முடிவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டு போனால் கடைசி டிரம்பெட் நாலுக்கும் பின்னால், அடுத்த ஒன்றுக்கு முன்னால், இடுக்கில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் வருகிற ஒன்று காலி. சத்தமே இல்லை. நம் கை சும்மா இருக்குமா. பிறந்ததிலிருந்து ஒன்றில் போய் விழுந்தே பழகிய கை. நம் ஊரில் தாளம் போடும்போது முதல் அடியை அடிப்போம், இரண்டாவதில் உள்ளங்கையைத் திருப்பி வீசுவோம். நாம் கையைத் திருப்புகிற இரண்டிலும் நாலிலும் ஸ்விங்காரர்கள் தட்டுகிறார்கள், நாம் அடிக்கிற இடத்தில் அவர்கள் சும்மா நிற்கிறார்கள். துரைப்பாக்கத்தின் பதினோரு பேரும் அந்தக் காலி ஒன்றில் டமால் என்று ஸ்பேஸ் பாரைத் தட்டியிருக்கிறார்கள். புள்ளி இல்லாத இடத்தில் தட்டினால் போச்சு. பதினோரு போச்சு. நிஜாம் நல்ல பிள்ளை, சண்டை வேண்டாம் என்று பார்ப்பவன், "அக்கா, அந்த ஒண்ணுல ஒரு நோட் வச்சிருவோமே, எல்லாரும் பாஸ் ஆயிருவாங்க" என்றான். "அங்க சத்தம் இல்ல நிஜாம். இல்லாத சத்தத்துக்கு எப்படி மார்க் போடறது?" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனான். அவனிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் இதுவரை இதை முழுசாக ஆடிப் பார்த்தது பத்தொன்பது தடவை. மூன்று தடவை நானூற்றுப் பன்னிரண்டும் சரியாக வந்து கடைசி வரைக்கும் போனேன். மூன்று தடவையும் அந்த ஒன்றில் என் கை விழுந்தது. பதினோரு பேரில்லை, பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் நான். ஆடத் தெரியாதவள் என்று நான் சொன்ன பழமொழியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் கட்டம். கூடம் திறந்துவிட்டது, எவ்வளவு பெரிய கூடம், மேகலைக்குக் கை பொன். இடது வலது இடது, தட்டு, வலது வலது. இந்த இடத்தில் கதவு திறக்கும்போது கீழே ஒரு வரி ஓடும்: வெளியே தெருவெல்லாம் கறுப்பு வேறு வெள்ளை வேறு என்று இருந்த நாளில் ஹார்லெமின் கூடத்தில் ஒரே தரையில் இருவரும் ஆடினார்கள். அந்த வரியை முதல்முதலில் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. அங்கே வாசலில் உன்னால் ஆட முடியுமா என்று மட்டும்தான் பார்ப்பார்களாம். பொன்மலையில் எங்களுக்கு வாசல் கிடையாது, ஜன்னல்தான். கிறிஸ்துமஸ் வாரத்தில் இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கோட்டும் கவுனுமாக வர ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் நாலு மணிக்கே அப்பா டப்பாவோடு போய்த் தரை முழுக்கப் பொடி போட்டு, சாக்கை இழுத்துத் தேய்த்து வைப்பார். பொடி கூடினால் வழுக்கி விழுவார்கள், குறைந்தால் பூட்ஸ் பிடித்துக்கொண்டு முட்டி திருகும். அளவு அவருக்குத்தான் தெரியும். ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது வேறொருவர் போட்டு அன்றைக்கு மூன்று பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று இன்றைக்கும் சொல்வார். "ஆடறது அவங்க. தரை என்னுது." கொஞ்சம் திமிர்தான். அந்தத் திமிர் எனக்கு வந்திருக்கிறது, மூக்கு வந்திருக்கிறது, வேறு சொத்து ஒன்றும் வரவில்லை. தட்டு. தட்டு. ஒரு சுமார். அப்பாவையும் அவர் சொத்தையும் நினைத்தால் சுமார்தான் வரும், கவனி, சுமாரால் தப்பில்லை, போச்சுதான் வரக் கூடாது. இருநூற்று ஆறு.

எனக்கு எட்டு வயது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எங்கள் ஜனம், ரயில்வே பட்டறையின் ஃபிட்டர் வீட்டார், கலாசி வீட்டார், பிள்ளைகள் எல்லாரும். உள்ளே மிஸ்டர் டிக்ரூஸ் டிரம்பெட். அவர் வாசித்தால் காது மட்டுமில்லை, பாதம் சுடும். ஒரு சிவப்புக் கவுன் அம்மாள் ஒரு சுற்றுச் சுற்றினாள், எங்களுக்குத் தாங்கவில்லை, கை தட்டினோம். ஜன்னலுக்கு ஜன்னல் தட்டினோம், எத்தனை சந்தோஷம், நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினேன். பாட்டு பாதியில் நின்றது. டிக்ரூஸ் டிரம்பெட்டோடு ஜன்னலுக்கு வந்தார். "யார் மேன் அது வெளியே? என்னா, தேர் இழுக்கறீங்களா? ரெண்டு, நாலு, மேன். ரெண்டு, நாலு. நீங்க ஒண்ணுல தட்டினா என் டிரம்மருக்குக் கை இடறுது." உள்ளே சிரித்தார்கள். கெட்ட மனுஷன் இல்லை அவர், ஈஸ்டருக்கு எங்களுக்கெல்லாம் கேக் கொடுத்தவர்தான், வாத்தியக்காரனின் எரிச்சல் எனக்கு இப்போது புரிகிறது, நானும் மேடையில் எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். ஆனால் அடுத்து அவர் திரும்பி, கதவோரம் டப்பாவோடு நின்றிருந்த அப்பாவைப் பார்த்து, "சூசை, உன் ஜனங்களைக் கொஞ்சம் அமத்து" என்றார். அப்பா வெளியே வந்தார். யாரையும் எதுவும் சொல்லவில்லை. நேராக என்னிடம் வந்து, "கையத் தா புள்ள" என்றார். என் இரண்டு கையையும் சேர்த்துத் தன் இரண்டு கைக்குள் மூடிக்கொண்டார். பொடி ஒட்டிய சொரசொரப்பான கை. பாட்டு மறுபடி ஆரம்பித்தது, நான் இழுத்தேன், விடவில்லை. ஜனம் எல்லாம் தட்டாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாட்டு முடிகிறவரை விடவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சாமியாரிடம் நான் சொன்னதில்லை. ஊரெல்லாம் தட்டியது, என் கையை மட்டும் ஏன் கட்டினார். பேட் வாங்கித் தா என்று பதினெட்டு வயதில் ஒற்றைக்காலில் நின்றதே அந்தக் கோபத்தில்தான் என்று நினைக்கிறேன். என் கை, நான் தட்டுவேன், எவன் தடுப்பான்.

மூன்றாம் கட்டம். வந்துவிட்டது. யோசிக்க நேரமில்லை, இது ஆளைத் தூக்கித் தலைக்கு மேலே போட்டுப் பிடிக்கிற ஆட்டம். இடது வலது இடது தட்டு வலது இடது தட்டு தட்டு. மோதிர விரல் மரத்துப்போக ஆரம்பிக்கிறது, குச்சி பிடித்த பாவம், போன வருஷத்திலிருந்தே இப்படித்தான், மரத்தால் என்ன, அதற்கு இங்கே வேலையில்லை, நடுவிரல் போதும். பெண் மேலே போகிறாள். போய் நிற்கிறாள். விழும்வரை தட்டக் கூடாது, அந்த நிற்கிற நேரம்தான் அழகு, மெஷின் அந்த நேரத்தைச் சுருக்கிவிடுகிறது, அதன் கணக்கில் ஆள் காற்றில் நிற்க முடியாதே. இறங்கினாள். தட்டு. சபாஷ். பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள், நிஜாமாகத்தான் இருக்கும், அவன் செண்ட் வாசனை. வலது வலது இடது. யாருடைய போனோ மேஜைமேல் உர்ரென்று நகர்கிறது, எடுக்காதீர்கள், அசையாதீர்கள். சுமார். சுமார். சபாஷ். டோரத்தி அம்மாளின் முகத்தைப் பார்க்காதே. பார்த்தேன். கன்னத்தில் இருந்த கையை எடுத்துவிட்டார். அவரால் இந்தக் கட்டத்துக்கு வர முடிந்ததே இல்லை என்று அவரே சொன்னார், பெருந்தன்மையான அம்மாள், தன்னால் முடியாததைப் பழுது என்று சொல்லவில்லை, பதினோரு பேரால் முடியாததைத்தான் சொன்னார். முந்நூற்றுப் பத்து. இன்னும் நூற்று இரண்டு. அதற்கப்புறம் ஒன்று. அந்த ஒன்று எண்ணிக்கையில் இல்லாத ஒன்று. எண்ணாதே. எண்ணினால் கைக்குத் தெரிந்துவிடும்.

நாலாம் கட்டம். உலகம் முழுக்க ஆடுகிறது. பாரிஸ், தென் ஆப்பிரிக்கா, எங்கெங்கேயோ, மாடியில், தெருவில், மழையில். மூலையில் ஒரு சின்ன ஜன்னல், கம்பி போட்டது, அதில் தலைகள். அதுவும் நான் கேட்டு மேகலை போட்டதுதான். ஜன்னலில் நிற்கிறவர்கள் கையை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்றேன். இடது. வலது. தட்டு. இது சுலபமான கட்டம் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள், சுலபமாக இருப்பதால்தான் ஆபத்து, கை தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பிக்கும், வீடு நெருங்கின மாடு மாதிரி. முந்நூற்றுத் தொண்ணூறு. ஏன் என் கையைக் கட்டினீர்கள் என்று ஒரு தடவைகூட அப்பாவைக் கேட்டதில்லை. தட்டு. நானூறு. டிரம்பெட் மேலே ஏறுகிறது. டிக்ரூஸ் இப்படித்தான் ஏறுவார், ஏறி, எல்லாரும் முடிந்தது என்று நினைக்கிற இடத்துக்கு ஒரு நூல் முன்னால் வெட்டிவிட்டு, வாயிலிருந்து டிரம்பெட்டை எடுத்துவிடுவார். அன்றைக்கு அவர் பாட்டும் இப்படித்தான் முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே நான் அப்பா கைக்குள். இழுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இழுக்கவில்லை. ஏன் இழுப்பதை விட்டேன்? இடது, வலது. ஏனென்றால் அவருடைய கட்டைவிரல். என் உள்ளங்கை ஓரத்தில் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. ரெண்டு. நாலு. ரெண்டு. நாலு. மூடிய கைக்குள், யாரும் பார்க்காமல். இருபது வருஷம் அந்தத் தரைக்குப் பொடி போட்ட மனிதர், கதவோரம் நின்று அத்தனை பாட்டையும் கேட்ட மனிதர், அவருக்குத் தெரிந்திருந்தது. தட்டினால் அந்தக் கூடத்திலேயே மிகச் சரியாகத் தட்டியிருப்பார். ஒருத்தரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கட்டின கையை மட்டும் நினைத்து நினைத்துக் கட்டைவிரலை எங்கேயோ போட்டுவிட்டேனே. நானூற்றுப் பத்து. நானூற்றுப் பதினொன்று. டிரம்பெட் வெட்டியது. நானூற்றுப் பன்னிரண்டு. கை கிளம்பிவிட்டது. கிளம்பின கை அப்பா கைக்குள் இருக்கிறது. கட்டைவிரல் அழுத்தவில்லை. சும்மா இருக்கிறது. சும்மா.

டம். என் உயிரே போய்விட்டது. சத்தம் கேட்டது, கச்சிதமாக ஒன்றில், நன்றாகவே கேட்டது, விழுந்துவிட்டதா, விழுந்துவிட்டேனா. குனிந்து பார்த்தால் என் கை ஸ்பேஸ் பாருக்கு இரண்டு விரற்கடை மேலே அந்தரத்தில் நிற்கிறது. திரையில் கடைசித் தட்டுக்குச் சபாஷ், மொத்தம் 412, போச்சு பூஜ்யம். சத்தம் பின்னாலிருந்து வந்தது. நிஜாம், மேகலை, டீக்காரர், பன்னிரண்டு பேரும் அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த கையை ஒரே ஆளாக அந்தக் காலி ஒன்றில் போட்டிருக்கிறார்கள். சமத்தில். ஊசி விழுகிற இடம்கூடத் தப்பவில்லை. திரும்பிப் பார்த்தேன். தாங்கள் என்ன செய்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை, மறுபடியும் தட்டினார்கள், மறுபடியும், ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று, தேர் இழுக்கிற கூட்டம். எனக்குச் சிரிப்பு வந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டோரத்தி அம்மாள் தன் கட்டத்துக்குள் எழுந்து நின்று ஏதோ சொல்கிறார், அவரும் தட்டுகிறார், லண்டனிலிருந்து வந்து சேர்வதற்குள் அது எதிலும் சேராமல் தனியாக விழுகிறது. "அக்கா, உங்களுதையே போடச் சொல்லிட்டாங்க. நாலு மணிக்கு உங்களுதுதான்" என்று நிஜாம் காதருகில் கத்தினான். எனக்குத் தெரியும் என்றேன். அந்தத் திமிரோடுதான் சொன்னேன். அடுத்த ஒன்று வந்தது, என் கையை அவர்களோடு சேர்த்துப் போட்டேன். சுகமாக இருந்தது.

வராந்தாவுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார், கையிலேயே வைத்திருந்திருப்பார். "பொடி போட்டாச்சுப்பா" என்றேன்.

"காலையிலேயே போட்டாச்சுன்னியே?"

"இப்பத்தான் போட்டேன்."

உள்ளே கைதட்டு இன்னும் ஓயவில்லை. "என்ன புள்ள சத்தம் அங்க?" என்றார்.

"எங்க ஆபீஸ் ஆளுங்க. தட்டுறாங்க."

கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. "ஒண்ணுலதானே தட்டுறாங்க" என்றார்.

"ஆமாப்பா. சொல்லி நிறுத்தவா?"

"எதுக்கு? தட்டட்டும் விடு. தரை நம்மளுது."